புதிய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு அடுத்த லென்ஸ் எது? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முதலாக டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியவர்கள், அதனுடன் வந்த லென்ஸில் சில காலம் படம் எடுத்தபின் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கேனன் 200டி, 250டி, நிக்கான் டி3500, டி5600 போன்ற, ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய அளவு சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்ட தொடக்கநிலைக் கேமராக்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். கேமரா புதியதானாலும் பிறர் கைமாறி வந்ததானாலும் விடைகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

கேமராவுடன் வந்த 18-55 லென்ஸ் போதாதா? உடனே வேறொன்று வாங்க வேண்டுமா?

உடனே வாங்க வேண்டியதில்லை. கிட் லென்ஸ் என்று அழைக்கப்படும் அந்த 18-55 மி.மீ. லென்ஸைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள், அது நியாயமில்லை. நல்ல வெயிலில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 8 அளவில் வைத்து எடுத்த படத்தை ஏ4 தாளில் அச்சிட்டுப் பார்த்தால், பல மடங்கு விலையுள்ள லென்ஸில் எடுத்த படத்திலிருந்து அதைப் பிரித்தறியப் பெரும்பாலோரால் இயலாது. ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் அது தடுமாறும். தொலைவில் இருப்பதை அருகே கொண்டுவராது. சிறு பூச்சியையோ மூக்குத்தியையோ படம் நிறையக் காட்டாது. இவற்றுள் எந்தக் குறை உங்கள் கையைக் கட்டிப்போடுகிறது என்று தெரிந்தபின் வாங்கும் லென்ஸ்தான் பயன்படும். தெரியாமல் வாங்கியது அலமாரியில் கிடக்கும்.

அதைத் தெரிந்துகொள்ள உங்கள் படங்களே போதும். ஒவ்வொரு படக்கோப்பிலும் அது எந்தக் குவியத் தூரத்தில் (மி.மீ. எண்), எந்த ஷட்டர் வேகத்தில், எந்த ஐஎஸ்ஓ அளவில் (சென்சாரின் ஒளியுணர்வு) எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். கணினியில் கோப்பின் விவரத்தைத் திறந்தாலே அது தெரியும். பிடித்த படங்களையும், நன்றாக வந்திருக்க வேண்டியும் கெட்டுப்போன படங்களையும் வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலானவை 55 மி.மீ. முனையில் முட்டி நின்றால் தொலைவை அருகே காட்டும் டெலி லென்ஸும், 18 மி.மீ. முனையில் முட்டி நின்றால் காட்சியை அகலமாக்கும் வைட் லென்ஸும் உங்களுக்குத் தேவைப்படலாம். கெட்டுப்போனவற்றில் பாதி, வீட்டுக்குள்ளோ மண்டபத்திலோ 1/15, 1/20 வினாடியில் எடுத்து ஆள் அசைந்து மங்கியவை என்றால், உங்களுக்குத் தேவை வெளிச்சத்தை அதிகமாக வாங்கும் லென்ஸ். நம் ஊரில் நம் குடும்பங்கள் எடுக்கும் படங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலோர் நிற்பது இந்த மூன்றாவது இடத்தில்தான். ஆனால் கடைக்குப் போனதும் அவர்கள் கேட்பது டெலி லென்ஸை.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

'18-55' என்பது குவியத் தூரம். எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் காட்சி குறுகிப் பொருள் பெரிதாகும். 'எஃப் 3.5-5.6' என்பது அந்த லென்ஸின் அப்பர்ச்சர் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டுகிறது, 18 மி.மீ. முனையில் 3.5 வரையிலும் 55 மி.மீ. முனையில் 5.6 வரையிலும் திறக்கும் என்று பொருள். இந்த எண் சிறிதாகச் சிறிதாக வெளிச்சம் கூடும், அதுவும் வர்க்க விகிதத்தில் கூடும். எஃப் 5.6-உடன் ஒப்பிட்டால் எஃப் 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தையும் எஃப் 1.8 ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தையும் உள்ளே விடுகிறது.

ஏபிஎஸ்-சி சென்சாரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். முழுச் சட்டகச் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ.; கேனன் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 22.3 × 14.9 மி.மீ., நிக்கானுடையது 23.5 × 15.6 மி.மீ. சென்சார் சிறிதாக இருப்பதால் எந்த லென்ஸின் காட்சியும் குறுகிவிடுகிறது. பழைய பிலிம் காலப் புத்தகங்களிலோ முழுச் சட்டகக் கேமரா வைத்திருப்பவர்களின் அறிவுரையிலோ வரும் குவியத் தூரத்தை கேனனுக்கு 1.6 ஆலும் நிக்கானுக்கு 1.5 ஆலும் வகுத்துக்கொண்டால் உங்கள் கேமராவுக்கு உரிய எண் கிடைக்கும். "எல்லாரும் முதலில் 50 மி.மீ. வாங்க வேண்டும்" என்ற அறிவுரை நம் கேமராக்களுக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது எது?

எஃப் 1.8 அளவுள்ள பிரைம் லென்ஸ் ஒன்று. பிரைம் என்றால் ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். விலை குறைவு, எடை குறைவு, வெளிச்சம் மிகுதி. நிக்கானில் 2009-இல் வெளிவந்த டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி, கேனனில் 2015-இல் வெளிவந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் ஆகிய இரண்டும் இன்றளவும் தொடக்கநிலையாளருக்கு ஏற்றவை. முதலாவது 200 கிராம், இரண்டாவது 160 கிராம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் வீட்டின் அளவு தீர்மானிக்கட்டும். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே மூன்று மீட்டர் தள்ளி நிற்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கேனன் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி அங்கிருந்து எடுத்தால், படத்தில் அடங்கும் அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டர்தான். அதற்குள் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நிற்கலாம். பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் அடங்கமாட்டார்கள். கேமராவை நெடுக்குவாக்கில் நிமிர்த்திப் பிடித்துப் பாட்டியை முழு உருவமாக எடுக்க நினைத்தால், தலைக்கு மேல் சற்று இடம் விட, நான்கு மீட்டராவது பின்னால் போக வேண்டும், அங்கே சுவர் இருக்கும். அதே மூன்று மீட்டரில் நிக்கானின் 35 மி.மீ. லென்ஸ் இரண்டு மீட்டர் அகலத்தைக் காட்டும். ஆகவே வீட்டுப் படங்களுக்கு 35 மி.மீ. வசதியானது, முகத்தை மட்டும் எடுக்கவும், வெளியிடங்களில் ஒருவரைத் தனித்துக் காட்டவும் 50 மி.மீ. அழகானது.

கேனன்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. டிஎஸ்எல்ஆருக்கென விலை மலிந்த 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை கேனன் வெளியிடவில்லை. 2014-இல் வந்த ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் லென்ஸ் 125 கிராம் எடையும் தட்டையான உடலும் கொண்டது. வீட்டுக்குள் அகலம் போதும், 16 செ.மீ. அருகில் உள்ள பொருளையும் குவியப்படுத்தும். வெளிச்சத்தில் எஃப் 1.8-ஐ அது எட்டாது. இரவு விழாக்களே உங்கள் முதல் அக்கறை என்றால் 50 மி.மீ., வீடும் உணவகமும் பயணமும் என்றால் 24 மி.மீ. என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் ஒரு நல்ல ஜூம் லென்ஸின் விலை ஆகாது.

எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். ஆனால் படங்களில் பாதி மங்கலாக இருக்கிறதே?

லென்ஸில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. அப்பர்ச்சரை முழுவதும் திறந்தால் குவியம் ஆழமின்றிப் போய்விடும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே துல்லியமாக விழும். அவர் மூச்சுவிட்டுச் சற்றே சாய்ந்தாலும் கண் மங்கி மூக்கு தெளியும். பக்கத்தில் அரை அடி பின்தள்ளி நிற்பவர் முழுவதுமாக மங்கிப்போவார். எஃப் 4-க்கு மூடினால் அந்த ஆழம் இருமடங்குக்கு மேல் கூடும். ஒருவர் என்றால் எஃப் 2 அல்லது 2.2, இருவர் என்றால் எஃப் 4, குடும்பப் படம் என்றால் எஃப் 5.6 என்று தொடங்குங்கள். குவியப் புள்ளியை கேமராவின் போக்குக்கு விடாமல், நீங்களே ஒரு புள்ளியைத் தேர்ந்து அருகில் உள்ள கண்ணின் மேல் வையுங்கள். வ்யூஃபைண்டரில் பார்த்து எடுக்கும்போது மட்டும் குவியம் தொடர்ந்து ஒரே பக்கம் விலகி, திரையைப் பார்த்து எடுக்கும்போது சரியாக வந்தால், கேமராவையும் லென்ஸையும் சேர்த்துச் சேவை நிலையத்தில் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.

கிட் லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறது. பிறகு எதற்கு எஃப் 1.8?

அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரே இருப்பவரின் அசைவைத் தடுக்காது. அசையாத கோபுரத்தை அந்தியில் எடுக்க அது பேருதவி. தாலி கட்டும் கணத்தில் மணமகனின் கை அசைகிறது, சுற்றிலும் அட்சதை பறக்கிறது. அங்கே 1/125 வினாடிக்குக் குறைந்தால் படம் போனதுதான். கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6, 1/15 வினாடி என்று கேமரா காட்டும் அதே மண்டபத்தில், அதே ஐஎஸ்ஓ அளவில், எஃப் 1.8 லென்ஸ் 1/125 வினாடியைத் தாண்டிக் கொடுக்கும்.

தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் எந்த லென்ஸைக் கொண்டுபோவது?

தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடிகிறது. விடியலுக்கு முன் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம், காலை ஏழு மணியளவில் சூரியன் எழுந்தபின் சட்டென்று கூடும் வெயில், நண்பகலில் தலைக்கு நேர் மேலிருந்து விழுந்து கண்குழியைக் கறுக்கவைக்கும் ஒளி என்று ஒரே நாளில் எல்லா வகை வெளிச்சமும் அங்கே உண்டு. கூட்டத்தின் நடுவில் விபூதியும் வியர்வையும் சாம்பிராணிப் புகையும் சூழ்ந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றி மாற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். திறந்த உடலுக்குள் போகும் தூசி சென்சாரில் ஒட்டிக்கொண்டு, அடுத்த பல மாதங்களுக்கு வானத்திலெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். ஆகவே அன்று ஒரே லென்ஸ் போதும்.

இரண்டாவது லென்ஸுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்களுக்கு, எல்லாக் குவியத் தூரத்திலும் எஃப் 2.8 வரை திறக்கும் 17-50 மி.மீ. ஜூம் இங்கே மிகப் பொருத்தம். சிக்மாவும் டாம்ரானும் இந்த அளவில் வெளியிட்ட லென்ஸ்கள் கேனன், நிக்கான் இரண்டுக்கும் உண்டு, பயன்படுத்தியவை நல்ல நிலையில் கிடைக்கின்றன. 17 மி.மீ. முனையில் முழுக் காவடியும் அதைச் சுற்றி நிற்கும் குடும்பமும் அடங்கும், 50 மி.மீ. முனையில் அலகு குத்திய முகத்தை மட்டும் காட்டலாம். அத்தகைய படத்துக்கு அருகில் போக வேண்டும், அருகில் போகக் காவடி எடுப்பவரின் உறவினரிடம் ஒரு தலையசைப்பாவது பெற வேண்டும். தொலைவிலிருந்து டெலி லென்ஸால் எடுத்த காவடிப் படங்களில் அந்த உறவு தெரிவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

தீமிதி வேறு வகை. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் பூக்குழிக்கு அருகே எல்லாரும் நிற்க முடியாது. நிற்கும் இடத்தைக் கோயில் ஏற்பாட்டாளர்களே வகுப்பார்கள். எட்ட நின்று இரவில் எடுப்பதற்கு 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் உதவும். 70-200 மி.மீ. எஃப் 2.8 இன்னும் வசதி என்றாலும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும் அதற்கேற்ற விலையும் உடையது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுமானால் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை.

மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை எடுக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாதாம். என்ன செய்வது?

ஃபிளாஷ் இல்லாமலிருப்பதே நல்லது. மேடை விளக்கின் நிறத்தை அது கொன்றுவிடும். மேடையிலிருந்து 12 மீட்டர் தொலைவில் இருக்கை என்றால், நிமிர்த்திப் பிடித்த கேமராவில் கைவிரல் முனையோடு முழு உருவம் நிறைவாக அடங்க 100 மி.மீ. அளவில் குவியத் தூரம் வேண்டும். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கேனன், நிக்கான் இரண்டிலும் உண்டு. அப்பர்ச்சர் எஃப் 2, ஷட்டர் 1/250 வினாடி என்று நீங்களே நிறுத்திக்கொண்டு, ஐஎஸ்ஓவை 1600 முதல் 3200 வரை விடுங்கள். தீர்மானம் எனப்படும் தாளக் கோவையின் முடிவில் கலைஞர் நிலைகொள்ளும் கணத்தைத் தாளத்தைக் கேட்டே முன்கூட்டி அறியலாம். உங்கள் மகளின் பயிற்சியை வீட்டில் கேட்டுப் பழகிய உங்களுக்கு அது எந்தப் புகைப்படக்காரரையும்விட நன்றாகக் கைவரும். ஒத்திகை நாளில் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவைகளையும் நீர்நாய்களையும் எடுக்க எவ்வளவு நீளமான லென்ஸ் வேண்டும்?

எந்த விலங்கு, எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்தது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காளாங் ஆற்றோரம் குடும்பமாகத் திரியும் நீர்நாய்கள் மனிதருக்குப் பழகியவை, உடலும் பெரியவை. கேனனின் 55-250 மி.மீ. எஸ்டிஎம், நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 மி.மீ. போன்ற எடை குறைந்த டெலி லென்ஸே போதும். புலாவ் உபினில் இருவாச்சிப் பறவைக்கும் பெரும்பாலும் அது போதும்.

சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் கதை மாறிவிடுகிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் வகைகள் சேற்றுத் திட்டில், பார்வையிடத்திலிருந்து தள்ளியே மேயும். 30 செ.மீ. நீளமுள்ள ஒரு பறவை 20 மீட்டர் தொலைவில் நின்றால், 250 மி.மீ. லென்ஸ் அதைப் படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்காகத்தான் காட்டும். 600 மி.மீ. என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. டாம்ரான், சிக்மா நிறுவனங்களின் 150-600 மி.மீ. லென்ஸ்கள் இதற்கென்றே வாங்கப்படுகின்றன, எடை ஏறத்தாழ 2 கிலோ. பறவை பார்ப்பதில் ஏற்கெனவே விடியற்காலையில் எழும் பழக்கம் வந்துவிட்டவர்கள் மட்டும் இதை நினைக்கலாம். மற்றவர்கள் முதலில் 250 அல்லது 300 மி.மீ. லென்ஸோடு சில மாதம் போய்வரட்டும்.

ஷட்டர் வேகத்தை மறக்க வேண்டாம். 250 மி.மீ. லென்ஸில், அதிர்வுத் தடுப்பு இல்லாவிட்டால், 1/400 வினாடிக்குக் கீழே இறங்குவது ஆபத்து. பறக்கும் பறவைக்கு 1/1600 வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து 18-400 போன்ற ஒரே லென்ஸ் வாங்கினால் என்ன?

டாம்ரான் 2017-இல் வெளியிட்ட 18-400 மி.மீ. லென்ஸ் பயணத்தில் வசதியானதுதான். லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. ஆனால் எடை 700 கிராமுக்கு மேல், நீண்ட முனையில் எஃப் 6.3, ஓரங்களில் தெளிவு குறைவு. வெளிச்சக் குறைவு என்ற உங்கள் முதல் சிக்கலை அது தீர்ப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். பகலில் ஊர்சுற்றிப் படம் எடுப்பதுதான் உங்கள் தேவை, லென்ஸைக் கழற்றவே மனமில்லை என்றால் வாங்குங்கள். அதனுடன் ஒரு பிரைம் லென்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரத்தை எடுக்க வைட் லென்ஸ் கட்டாயம் வேண்டுமா?

வேண்டியதில்லை. சாலையின் எதிர்ப்புறம் நின்று, கேமராவை நெடுக்குவாக்கில் பிடித்தால், 18 மி.மீ. முனையிலேயே சீனிவாசப் பெருமாள் கோயிலின் ஐந்துநிலைக் கோபுரம் அடங்கும். அண்ணாந்து எடுப்பதால் கோபுரம் பின்னால் சாய்ந்தாற்போலத் தெரிவதுதான் அங்கே சிக்கல். வைட் லென்ஸ் அதைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. இன்னும் பின்னால் தள்ளி நின்று, கேமராவைக் கூடியவரை நேராகப் பிடித்து, கீழே மிஞ்சும் சாலையைப் பிறகு வெட்டிவிடுங்கள்.

வைட் லென்ஸ் உண்மையில் பயன்படுவது பின்னால் போக இடமில்லாத இடங்களில்: கோயில் மண்டபத்தின் உட்புறம், கேம்பல் லேனின் குறுகலில் தீபாவளி ஒளியூட்டுச் சந்தை, புது வீட்டுக் கிரகப்பிரவேசம், அடுக்குமாடி நடைகூடம். கேனனில் 10-18 மி.மீ. எஸ்டிஎம், நிக்கானில் ஏஎஃப்-பி 10-20 மி.மீ. என்று எடையும் விலையும் அடக்கமான இரண்டு லென்ஸ்கள் உண்டு. அவற்றால் குடும்பக் குழுப்படம் மட்டும் எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகன்றுவிடும்.

பூக்களையும் நகைகளையும் நெருக்கத்தில் எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா?

பூமலைத் தாவரவியல் தோட்டத்தின் ஆர்க்கிட் பூக்களுக்கு மேக்ரோ தேவையில்லை; கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையே போதும். பூவின் மேல் ஊரும் எறும்பும் தாலியின் நுண்வேலையும்தான் மேக்ரோவின் எல்லை. முதலில் எக்ஸ்டென்ஷன் டியூப் எனப்படும், கண்ணாடி ஏதுமற்ற வளையத்தை 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் பொருத்திப் பழகுங்கள். மின்தொடர்பு உள்ள வளையமாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. அதன் பிறகும் ஆர்வம் நின்றால், நிக்கானின் டிஎக்ஸ் 40 மி.மீ., கேனனின் ஈஎஃப்-எஸ் 60 மி.மீ. ஆகியவை நகைக்கும் பூவுக்கும், டாம்ரானின் 90 மி.மீ. தொட்டால் பறந்துவிடும் பூச்சிகளுக்கும் ஏற்றவை.

வேறு நிறுவன லென்ஸ் பொருந்துமா? பழைய லென்ஸ்?

சிக்மா, டாம்ரான், டோக்கினா ஆகியவை ஒரே லென்ஸைப் பல மவுண்டுகளுக்கு (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்) ஏற்பத் தயாரிக்கின்றன. பெட்டியின் மேல் உங்கள் கேமராவின் மவுண்டு எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கேனனில் 1987-க்குப் பின் வந்த எல்லா ஈஎஃப் லென்ஸும் பொருந்தி வேலை செய்யும்.

நிக்கானில்தான் கவனம் வேண்டும். 1959 முதல் ஒரே மவுண்டு என்பதால் பழைய லென்ஸ் பொருந்திவிடும், ஆனால் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. ஏஎஃப்-டி என்று எழுதிய லென்ஸை அவற்றில் கையால்தான் குவியப்படுத்த வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8டி வாங்கி ஏமாந்தவர்கள் பலர். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியதையே வாங்குங்கள். மறுபக்கம், புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3200, டி5100, டி7000 போன்ற பழைய உடல்களில் குவியப்படுத்தா. டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலையில்லை.

லென்ஸின் முன் திருகும் யூவி பில்டர் கண்ணாடி அவசியமா?

அவசியமில்லை. லென்ஸ் ஹூட் எனும் முன்வளையத்தை மாட்டுங்கள். கீறலையும் இடிபடுவதையும் அதுவே பெரிதும் தடுக்கும், பக்கவெளிச்சத்தையும் மறைக்கும். விபூதியும் கடல்தூறலும் படும் இடங்களில் மட்டும் பில்டர் பயனுள்ளது. கடைக்காரர் லென்ஸோடு சேர்த்துத் தள்ளும் மலிவு பில்டரை மறுத்துவிடலாம்.

இங்கே லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்கும், சந்தேகமே வேண்டாம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டியது. விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் கடக்கும். கண்ணாடியின் மேல் படிந்த விரல்ரேகையும் தூசியும் பூஞ்சைக்கு உணவு, பஞ்சு வைத்த கேமராப் பையின் இருட்டு அதற்கு இருப்பிடம். தொடக்கத்தில் சிலந்தி நூல் போல ஓரத்தில் கிளைக்கும். கவனிக்காமல் விட்டால் அதன் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. இந்தியாவில் உலர்ந்த ஊர்களில் பல ஆண்டு அலமாரியில் வைத்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உறவினர்கள் சொல்வதை இங்கே நம்பிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது லென்ஸுக்கு முன் டிரை கேபினட் வாங்குங்கள் என்பதே நான் எல்லாரிடமும் வலியுறுத்துவது. மின்சாரத்தில் இயங்கும் சிறிய அலமாரி அது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் பூஞ்சை வளராது, அதற்கும் கீழே இறக்கத் தேவையில்லை. மின்செலவு மிகக் குறைவு. இடமில்லை என்றால், காற்றுப் புகாத நெகிழிப் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி மூன்றும் ஒரே லென்ஸ் வைத்திருப்பவருக்குப் போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டும். இரவில் மட்டும் குளிரூட்டி ஓடும் அறையை நம்பாதீர்கள். லென்ஸைக் கேமராப் பையிலேயே வாரக்கணக்கில் விட்டுவைப்பதுதான் மிகக் கெட்ட பழக்கம்.

குளிரூட்டிய ரயிலிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே வந்தவுடன் லென்ஸில் நீராவி படர்வது வேறு விஷயம். துடைக்கத் துடைக்க மீண்டும் படரும். இறங்கும்போது பையை மூடியே வைத்து, பதினைந்து இருபது நிமிடம் பொறுத்துத் திறந்தால் படராது. நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வது நம் வழக்கம். கேமரா எடுத்துப்போகும் நாளில் மட்டும் அரைமணி நேரம் முன்னதாகப் போங்கள்.

எங்கே வாங்குவது? பயன்படுத்திய லென்ஸ் வாங்கலாமா?

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய பெனின்சுலா வட்டாரத்தில் புதியதும் பழையதும் விற்கும் கேமராக் கடைகள் அடுத்தடுத்து உள்ளன. உங்கள் கேமராவைக் கொண்டுபோய், பொருத்தி, எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்பதே அங்கே போவதன் முதல் பயன். விலை கேட்கும்போது இரண்டைத் தெளிவாகக் கேளுங்கள்: 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்த விலையா? உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா, கடையினுடையதா? வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தெரிந்தால், 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் வரி உண்டு என்பதைக் கூட்டிப் பாருங்கள்.

பயன்படுத்திய லென்ஸ் தாராளமாக வாங்கலாம்; டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களை விற்றுவிட்டு, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவோர் மிகுந்துள்ள காலம் இது. கரோசல் இணையச் சந்தையில் விற்பவரைச் சந்திக்கும்போது கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்புறம் சாய்வாகப் பிடித்து, முன்புறமிருந்து உள்ளே பாருங்கள். ஓரிரு தூசித் துகள் பரவாயில்லை. நூல் நூலாகவோ மூட்டமாகவோ தெரிந்தால் வாங்காதீர்கள், அலமாரியில் உள்ள மற்ற லென்ஸ்களின் பக்கத்திலும் அதை வைக்க வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, குவிய மோட்டார் இழுக்காமல் ஓடுகிறதா, ஜூம் வளையம் தானாகச் சரிகிறதா என்றும் பாருங்கள். முழுதும் திறந்த அப்பர்ச்சரில் ஒரு சுவரை நேராக எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது.

கடையில் வாங்கினால் ஒரு பாதுகாப்பு உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பயன்படுத்திய பொருளுக்கும் இது பொருந்தும். கடை மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆகவே கரோசல் சந்திப்பில் கைப்பேசி விளக்கும் பொறுமையும் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

நாளை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் இந்த லென்ஸ்கள் வீணாகுமா?

வீணாகா. கேனன் ஆர்எஃப் மவுண்டையும் நிக்கான் இசட் மவுண்டையும் 2018-இல் தொடங்கின. இரு நிறுவனங்களும் தங்கள் பழைய லென்ஸ்களுக்கு அடாப்டர் விற்கின்றன. கேனனின் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் வழியாகத் தானாகவே குவியப்படுத்தும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் அவ்வாறே வேலை செய்யும். ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் குவியப்படுத்த வேண்டும், அந்த அடாப்டரிலும் மோட்டார் இல்லை. முழுச் சட்டக மிரர்லெஸ் உடலில், ஏபிஎஸ்-சி சென்சாருக்கென்றே செய்யப்பட்ட ஈஎஃப்-எஸ், டிஎக்ஸ் லென்ஸ்களைப் பொருத்தினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பயன்பட்டுப் படத்தின் அளவு குறைந்துவிடும். பிற்காலத்தில் முழுச் சட்டகத்துக்கு மாறும் எண்ணம் உறுதியாக இருந்தால், 50 மி.மீ., 85 மி.மீ. போன்ற முழுச் சட்டக லென்ஸ்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். எண்ணம் உறுதியில்லை என்றால், இப்போதைய கேமராவுக்கு எது பொருந்துமோ அதையே வாங்குங்கள்.